பெயரின்மேல் பூசிய தார்

என் வயதுக்காரர்களை ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். சின்ன வயதில் உங்களை அடித்தவர்கள் அடிப்பதற்கு முன்னால் ஜெபம் பண்ணினார்களா? எங்கள் நைனா பண்ணுவார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கூரையில் செருகியிருக்கும் புளிய மிலாரை உருவிக்கொண்டு வந்து, என்னை முழங்காலில் நிறுத்தி, தானும் பக்கத்தில் முழங்காலில் நின்று, இந்தப் பிள்ளையைத் திருத்தும் ஆண்டவரே என்று உருக்கமாக வேண்டிக்கொள்வார். பிறகு நாலு அடி. அடி முடிந்ததும் இன்னொரு ஜெபம். இரண்டு ஜெபத்துக்கும் நடுவே நடந்ததெல்லாம் என் முதுகில். பிரியம் வைத்த பிள்ளையைத்தான் கடவுளும் தண்டிப்பார் என்பது நைனாவின் கட்சி. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் இருந்திருக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், திருப்பதிக்குப் போகிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லைதான் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் ஊர் மதராஸோடு போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று கிணற்றடியில், டீக்கடையில், சபை வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. நேற்றுவரை ஒரே தட்டில் வேர்க்கடலை உரித்தவர்கள் எல்லாம் திடீரென்று நீ தமிழ், நான் தெலுங்கு என்று முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். ராத்திரிக்கு ராத்திரி ரோட்டோரத்துப் பலகைகளில் யாராவது தார் பூசிவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் தெலுங்கு எழுத்து அழியும், மறுவாரம் தமிழ் எழுத்து அழியும்.

நைனா மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். சபையில் மூப்பரும் அவர்தான். தெலுங்கு பேசுவார், ஆனால் ஓர் எழுத்து தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்று வீம்பு. அந்தக் கோடை முழுக்க அவருக்குத் தூக்கமே இல்லை.

"நாளைக்கு இங்க எல்லாம் தெலுங்குலதான்னு ஆயிட்ச்சின்னா நான் இன்னா பண்றது? மாடு மேய்க்கறதா?" என்று அம்மாவிடம் கேட்பார்.

"மேய்ச்சாத்தான் இன்னா?" என்பாள் அம்மா. "மாட்டுக்கு எந்த பாஷையில சொன்னாலும் புரியும்."

அம்மாவுக்கு வாய் அப்படி. ஆனால் நைனா எழுந்து வெளியே போனதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வேலை போனால் நாங்கள் நாலு பேர். நான், அம்மா, நைனா, அப்புறம் எங்கள் சின்னம்மா. அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியது நைனாவின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு அந்தக் கோடையில் முடிகிற மாதிரி இருந்தது. திருப்பதி ரோட்டுக்குத் தார் போட வந்த மேஸ்திரிக்குச் சின்னம்மாவைப் பேசி முடித்திருந்தார்கள். கார்வேட்டிநகரத்துப் பக்கத்து ஆள், நம் சபைக்காரர், இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. நெருப்பில் நின்று நின்று முகமெல்லாம் கறுத்து, பல் மட்டும் பளிச்சென்று இருக்கும். அவர் ஆட்கள் பீப்பாயில் தார் காய்ச்சும்போது எழும் வாசனை எங்கள் வீடுவரை வரும். ஐயோ, அந்த வாசனை! உங்களில் யாருக்காவது பிடிக்குமா? எனக்கு உயிர். மேலே மலைக்கு நடந்து போகிற யாத்திரைக்காரர்கள் மஞ்சள் துணியோடு கோவிந்தா போட்டுக்கொண்டு, காலில் தார் ஒட்டாமல் ரோட்டோரத்து முள்ளில் நடப்பார்கள். நாங்கள் ஆறிப்போன தாரைப் பிய்த்து உருட்டிப் பொம்மை பண்ணுவோம். என்னிடம் ஒரு தார் யானை இருந்தது. வெயிலில் வைத்தேன், படுத்துவிட்டது.

எங்கள் சபை வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இன்னாருக்கு இன்னார் என்று அறிக்கை வாசிப்பார்கள். மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். அதே மாதிரி, சபையில் யாராவது பெரிய தப்புச் செய்தால் கட்டுப்பாட்டில் வைப்பார்கள். அவர் வாசற்படியோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஓர் ஈச்சம்பாயில் உட்கார வேண்டும். பாடலாம், ஜெபிக்கலாம். அப்பமும் திராட்சை ரசமும் தருகிற திருவிருந்தின்போது மட்டும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கட்டுப்பாடு நீங்குகிறவரைக்கும் அவருக்குக் கல்யாண அறிக்கையும் வாசிக்க மாட்டார்கள். குடித்தவர்கள், பெண்டாட்டியை அடித்தவர்கள், மாரியம்மனுக்கு ரகசியமாகக் கோழி அறுத்தவர்கள் எல்லாரையும் அந்தப் பாயில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனாலேயே நன்றாகப் பார்ப்போம்.

சின்னம்மாவுக்கு முதல் அறிக்கை வாசித்த வாரம் அது. சனிக்கிழமை புத்தூரில் எல்லையைப் பற்றி ஏதோ கூட்டம் என்று ஊரே கிளம்பிப் போய்விட்டது. நட்ட நடு மத்தியானம். நைனா என்னைக் கூப்பிட்டார்.

"வா கண்ணு, கோயில்ல ஒரு வேல இருக்குது."

கையில் அரை டின் தார், ஒரு பழைய மட்டைப் பிரஷ். எனக்கு எட்டு வயது. நைனா என்னை வேலைக்குக் கூப்பிட்டதே பெருமை. டின்னை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கோயில் சுண்ணாம்பு அடித்த ஒற்றைக் கூடம். வாசலுக்கு வலப்பக்கம் தமிழில் 'இயேசு கிறிஸ்து ஆலயம்' என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். இடப்பக்கம் அதையே தெலுங்கில். நைனா இடப்பக்கம் போனார். பிரஷ்ஷைத் தோய்த்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இழுத்துப் பூசினார். மறுபடி தோய்த்தார், மறுபடி பூசினார்.

"அங்க இன்னா எழுதியிருக்குது நைனா?" என்று கேட்டேன்.

"தெலுங்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். திரும்பி வரும்போது பம்ப்செட் வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என் பாவாடையில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அதன்மேல் மண்ணைப் பூசி விட்டார்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்ட கூட."

"பாவமா நைனா?"

"பாவம் இல்ல. நம்ம பாஷைக்காகப் பண்றது." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஒரு மருத்துவச்சி இருந்தார். தெலுங்குக்காரம்மா. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்த கை அவருடையது, என்னையும் சேர்த்து. எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ ஒரு காலத்தில் அந்தத் தெலுங்கு வரியின் முதல் சொல்லைக் காட்டி, இதுதான் இயேசுவின் பெயர் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றையிலிருந்து கோயிலுக்குள் நுழையுமுன் குதிகாலை உயர்த்தி அந்தப் பெயரை விரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். இது சிலை வணக்கம் மாதிரி இருக்கிறது என்று போதகர் வராத வாரங்களில் ஆராதனை நடத்தும் எங்கள் உபதேசியார் பலமுறை கண்டித்திருக்கிறார். அந்தம்மா காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வயதாகி அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. சித்திரை வெயிலில் தார் இறுகாமல் பிசுக்கென்றே இருந்தது. எப்போதும் போல எம்பித் தொட்டார், எப்போதும் போல ஒற்றிக்கொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்தபோது இரண்டு கண்ணிமையும் கன்னமும் கறுப்பு. பையன்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் கண் எரிய ஆரம்பித்தது அவருக்கு. கையைப் பார்த்தார். எழுந்து தடுமாறிக்கொண்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார்.

"நா தண்ட்ரி பேரு ஏதி?" என்றார். என் தகப்பன் பெயர் எங்கே என்று அர்த்தம். யாரையும் திட்டவில்லை. குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார். "நா தண்ட்ரி பேரு ஏதய்யா?"

அம்மா ஓடிப்போய் கடலை எண்ணெய் கொண்டுவந்து அவர் இமையைத் துடைத்துவிட்டாள். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பலகையில் பூசியது வேறு, ஆண்டவர் பெயரின்மேலேயே பூசிவிட்டார்களே என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் விசாரணை. ஊரில் தார் யாரிடம் இருக்கிறது? மேஸ்திரியிடம். உபதேசியார் அவரை முன்னால் நிறுத்திக் கேட்டார்.

"நீதான் பூசினியா?"

மேஸ்திரி ஒரு தரம் நைனாவைப் பார்த்தார். "தாரு எங்கிட்ட இருந்து போனதுதான் ஐயா. அதுக்கு மேல எதுவும் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அரை டின் தார் அவரிடம்தான் நைனா வாங்கியிருந்தார், பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி. அது மேஸ்திரிக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. குற்றவாளிதான் வாயை மூடுவான் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். கட்டுப்பாட்டில் வைப்பது என்று தீர்மானம். சபையில் கையெழுத்து அழகாக இருப்பது வாத்தியாருக்குத்தானே? அதை எழுதினது நைனா. என் கண்ணால் பார்த்தேன். எழுதி முடித்தபோது பேனா அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சித்தூரிலிருந்த போதகர் ஐயாவுக்குத் தபாலில் போய், அவர் கையெழுத்தோடு திரும்பியும் வந்துவிட்டது.

அந்த ஞாயிறு கலவரத்தில் நின்றுபோன இரண்டாம் அறிக்கையை அப்புறமும் வாசிக்கவில்லை. மேஸ்திரி ஈச்சம்பாயில் போய் உட்கார்ந்தார். மாதம் முடிந்தால் அவருடைய ஆட்களுக்கு வரதய்யபாளையம் பக்கம் வேலை. அவரும் கூடப் போயாக வேண்டும். போனால் கல்யாணம் அவ்வளவுதான். ஆண்டவர் பெயரில் தார் பூசினவனுக்குப் பேசின பெண் என்றால் அப்புறம் சின்னம்மாவை யார் கேட்டு வருவார்கள்?

சின்னம்மா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாவாட்டிக்கொண்டே இருப்பாள், கை திடீரென்று நின்றுவிடும்.

"அவரு செஞ்சிருக்க மாட்டாருக்கா. செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லியிருப்பாரு. யாரையோ மறைக்கறாரு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா சோற்றைப் பார்த்தார். நான் என் பாவாடையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லக் கூடாது என்று நைனா சொல்லியிருந்தாரே!

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டிய பயம் அதுவல்ல. ஞாயிற்றுப் பள்ளியில் உபதேசியார் எங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தார். மனதில் பாவத்தை ஒளித்து வைத்துக்கொண்டு திருவிருந்தின் அப்பத்தைத் தின்றால், தின்றவன் தனக்கே தண்டனையைத் தின்கிறான். அப்படித் தின்ற ஒருவன் வீடு போய்ச் சேருமுன்னே வழியில் விழுந்து செத்தான் என்று, எந்த ஊர், எந்தத் தெரு என்பதுவரை சொல்லி ஒரு கதை வேறு. பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையா அது? எங்களுக்கு மாதம் ஒரு திருவிருந்து, போதகர் ஐயா வருகிறபோது. மூப்பர் என்பதால் நைனாதான் முதல் பந்தி.

விரல் விட்டு எண்ணினேன். இன்னும் பதினெட்டு நாள். பதினேழு. பதினாறு. நைனா தூங்கும்போது பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். என்னை அடித்த அதே கைதான், ஆனாலும் அந்தக் கை இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்? கடவுளிடம் பேரம் பேசினேன். என்னை வேண்டுமானால் கொல்லும், டின்னைப் பிடித்தது நான்தான் என்றேன்.

திருவிருந்துக்கு முந்தின நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நைனாவிடம் கோயிலுக்குப் போட ஒரே ஒரு வெள்ளை ஜிப்பா. அதை எடுத்துக்கொண்டு போய் மாட்டுத்தொட்டியில் அமுக்கிவிட்டேன். ஜிப்பா இல்லாவிட்டால் எப்படிப் போவார்? பிண்ணாக்குத் தண்ணீரில் அது ஊறிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். நைனா மிலாரை உருவினார். வழக்கம் போல முழங்காலில் நின்றோம்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையை..." என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். நைனாவின் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. வார்த்தைதான் வரவில்லை. மிலாரைக் கூரையில் செருகிவிட்டு வெளியே போய்விட்டார். அடி விழாததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நைனாவை ஜெபம் பண்ண விடாமல் கடவுள் கழுத்தைப் பிடித்துவிட்டார், நாளைக்கு நிச்சயம் சாவுதான் என்று நினைத்தேன்.

அம்மா அந்த ஜிப்பாவை அலசிக் காயப்போட்டு விட்டாள். விடிந்ததும் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று கொடியில் ஆடுகிறது. என்னத்தைச் சொல்ல!

கார்வேட்டிநகரம் வழியாக வருகிற பஸ்ஸில் போதகர் ஐயா வந்து இறங்கினார். உடம்பெல்லாம் செம்மண் புழுதி. ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். ஆராதனை நடந்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அப்பமும் திராட்சை ரசமும் வைத்திருந்தார்கள். திருவிருந்து ஆரம்பிக்கும்போது ஈச்சம்பாயிலிருந்து மேஸ்திரி எழுந்து வெளியே போனார். போகிறபோது சின்னம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். முதல் பந்திக்கு நைனா எழுந்தார். போய் முன்னால் முழங்காலில் நின்றார். இடது கையின்மேல் வலது கையை வைத்து நீட்டினார்.

போதகர் ஐயா அப்பத்தை எடுத்தார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்தவள் நைனாவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

"துன்னாத நைனா! அத்தத் துன்னாத! செத்துப் பூடுவ!"

அம்மா என்னை இழுக்க வந்தாள். போதகர் ஐயா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏம்மா? ஏன் சாப்பிடக் கூடாது?"

"சொல்லக் கூடாது" என்றேன்.

"யார் சொன்னாங்க?"

"நைனா சொல்லிச்சி. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சி."

நான் சொல்லவில்லை, பார்த்தீர்களா? கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் என் கைக்குள் இருந்த நைனாவின் தோள் ஆட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சமாக, அப்புறம் முழு உடம்பும். என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, முழங்காலில் நின்றபடியே சபையின் பக்கம் திரும்பினார்.

"தார் பூசினது நான்" என்றார். "மேஸ்திரி இல்ல. பள்ளிக்கூடத்துக்குன்னு பொய் சொல்லி அவருகிட்ட வாங்கினேன். எம் பொண்ணு கையில டின்னைக் குடுத்துப் பிடிக்கவெச்சேன். தெலுங்குன்னு மட்டுந்தான் பார்த்தேன். யாரோட பேருன்னு பார்க்கல. அந்தம்மா கண்ணுல தாரோட நின்னப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இன்னொருத்தன் தலையில எழுதிட்டேன், இந்தக் கையாலேயே எழுதிட்டேன்."

ஊரில் நைனா அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாவு வரும் என்று பயந்துகொண்டு வந்தவள் நான். வந்தது சாவு இல்லை. ஆனால் சாவைவிடப் பெரிய ஒருவர் அந்தக் கூடத்துக்குள் வந்து நிற்கிறார் என்று பட்டது. அண்ணாந்து பார்க்கப் பயந்து தரையையே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய கோயில்களில், எத்தனையோ பெரிய பிரசங்கங்களைக் கேட்டுவிட்டேன். அப்படி ஒரு நடுக்கம் மறுபடி வந்ததில்லை.

போதகர் ஐயா அப்பத்தைத் துணியால் மூடினார். நேரே வாசலுக்கு நடந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த மேஸ்திரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தத் தீர்மானத்துல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "முதல்ல நான் இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்." கேட்டார். அன்றைக்கு முதல் அப்பம் மேஸ்திரிக்குத்தான்.

நைனா மேஸ்திரியின் முன்னால் கைகூப்பினார். இதெல்லாம் சினிமாவாக இருந்தால் மேஸ்திரி உடனே கட்டிப்பிடித்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை.

"எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆவும் வாத்தியாரே" என்றார். "நாலு வாரமா உள்ளுக்குள்ள எரிஞ்சிக்கினுதான் இருந்தேன். ஆனா உங்களக் காட்டிக் குடுத்துட்டு உங்க ஊட்டுப் பொண்ணுகூட எப்பிடிக் குடித்தனம் பண்றது? மன்னிக்கறேன்னு ஆண்டவருகிட்ட தெனம் சொல்லிக்கினு இருக்கறேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமா வருது."

மருத்துவச்சியிடம் நைனா போனபோது அவர் காலைத் தொடக் குனிந்தார். அந்தம்மா தொட விடவில்லை. "ஆயன பேரு மள்ளீ ராயி" என்றார், அவருடைய பெயரை மறுபடியும் எழுது என்று.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெலுங்கு எழுத வராதும்மா."

"நேர்ச்சுகோ" என்றார் அந்தம்மா. கற்றுக்கொள். அவ்வளவுதான், வேறு தண்டனையும் இல்லை, உபதேசமும் இல்லை. சபை கொடுத்த தண்டனை மூன்று மாதம் ஈச்சம்பாய்.

மற்ற இரண்டு அறிக்கையையும் சட்டென்று வாசித்துச் சின்னம்மா கல்யாணத்தை முடித்தார்கள். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவச்சிதான் சின்னம்மாவை அழைத்துப் போய் நிறுத்தினார். சின்னம்மா வாசலைத் தாண்டும்போது நைனாவைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு ஆற ரொம்ப நாள் ஆனது. முதல் குழந்தைக்குப் பல் முளைத்த பிறகுதான் நைனாவை மறுபடி மாமா என்று கூப்பிட்டாள். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மூன்று மாதமும் நைனா சாயங்காலத்தில் மண்ணெண்ணெயும் செங்கல் துண்டுமாகச் சுவரைச் சுரண்டினார். தாரோடு சுண்ணாம்பும் நீல எழுத்தும் எல்லாமே பெயர்ந்து வந்துவிட்டன. சாந்து பூசி, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தார். முதல் வகுப்புத் தெலுங்குப் பையன் ஒருவனை வீட்டுக்கு வரவழைத்துச் சிலேட்டில் எழுதிப் பழகினார். அந்தப் பொடியன் நைனா கையைப் பிடித்து, "அட்ல காது சார், இட்லா" என்று அதட்டுவான், அப்படி இல்லை, இப்படி என்று. நைனா சரி சார் என்பார். அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதற்கிடையில் எல்லையும் முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று நைனா சிலேட்டைக் கீழே வைக்கவில்லை. அப்படிப் பயந்தாரே, வேலையும் போகவில்லை. சுவரில் எழுதின எழுத்து கொஞ்சம் கோணல்தான், போகப் போக மேலே ஏறும். மருத்துவச்சி அதைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மாதம் கழித்து ஒரு திருவிருந்து ஞாயிறு. போதகர் ஐயா நைனாவை நிற்கவைத்து, இந்தச் சகோதரனை மறுபடி ஏற்றுக்கொள்கிறீர்களா என்று சபையைக் கேட்டார். இரண்டு பாஷையிலும் பதில் வந்தது. எல்லாரும் வரிசையாக வந்து வலதுகை கொடுத்தார்கள். வரதய்யபாளையத்திலிருந்து வந்திருந்த மேஸ்திரியும் கொடுத்தார், கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

நைனா முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்றார். போதகர் ஐயா அப்பத்தோடு காத்துக்கொண்டிருக்க, பெண்கள் பக்கம் திரும்பி நேரே நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது.

"கண்ணு, நைனா போவட்டுமா?" என்று கேட்டார்.

என்னை அதற்குமுன் யாரும் எதற்கும் உத்தரவு கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன், அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. போதகர் ஐயாவைப் பார்த்தேன், அவரும் நான் சொல்லட்டும் என்று நின்றார். எட்டு வயதுப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு சபை முழுக்கக் காத்திருந்தது. நான் நைனாவின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணை, கன்னத்தை, தொண்டையை எல்லாம் பார்த்தேன்.

"போ நைனா" என்றேன். "துன்னு. ஒண்ணும் ஆவாது."